எல்லாம் சார் செய்ததுதான்

தாஹிரா தன் புகார்க் கடிதத்தை எல்லோர் கண்ணெதிரேயும் நாலாகக் கிழித்தாள்.

"தப்பு என்மேலதான் சார். அந்தச் சோதனை எல்லாமே நீங்க செஞ்சதுதான்."

பேராசிரியர் தண்டபாணியின் முகம் மலர்ந்தது. விசாரணைக்கு வந்திருந்த ஜெகதீசன் பேனா மூடியைத் திருகினார்.

ஆய்வுக்கூட வாசலில் நின்ற மலிகாவுக்குப் பொறுக்கவில்லை. எலிக்கூண்டுகளைக் கழுவுகிறவள் அவள். "இன்னாம்மா சொல்ற? ரெண்டு வருசமா ராயபுரத்துலேர்ந்து திருவொத்தியூருக்குத் தெனமும் வந்துகினு இருந்தது யாரு? நோம்பு தொறக்கறதுக்கு முந்தி எலிக்குத் தண்ணி வெச்சவ நீ! பயந்துட்டியா?"

தாஹிரா தலையைக் குனிந்துகொண்டாள்.

கூண்டில் இரண்டு கதவு. இடது கதவைத் தள்ளினால் உடனே ஒரு சொட்டுத் தண்ணீர். வலது கதவின் முன் பொறுத்திருந்தால் நாலு சொட்டு. எந்த எலி எப்போது எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியவள் அவள்தான். மீசை துடிக்கக் காத்திருக்கும் ஏழாம் நம்பர் எலியைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வாள்.

கடைசி மாதம் தண்டபாணிக்கு அவசரம். "சோதனை முடிஞ்சதும் வைக்கிற தண்ணியை நிறுத்து. தாகம் எடுத்தா சீக்கிரம் முடிவெடுக்கும்" என்றார். முடியாது என்றாள். அன்றைக்கே அவளிடமிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு அந்தச் சோதனை பற்றி வெளியான கட்டுரையில் அவள் பெயரே இல்லை.

இந்த மனுஷனைச் சும்மா விடக்கூடாது என்று ஐந்து மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை.

"எழுத்துல குடுத்துடுங்க சார், முடிச்சுக்கலாம்" என்றார் ஜெகதீசன்.

தண்டபாணி உற்சாகமாக எழுதினார். 'முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எலிகளைப் பராமரித்ததும் சோதித்ததும் நான் ஒருவனே. வேறு யாரும் கூண்டைத் தொடவில்லை.'

"கடைசி மாசத்தையும் சேர்த்துத்தானே சார்?" தாஹிரா மெல்லக் கேட்டாள்.

"அதுல என்ன சந்தேகம்?" கையெழுத்தை அழுத்திப் போட்டு நீட்டினார்.

தாளை வாங்கி ஒரு முறை படித்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்தார் ஜெகதீசன்.

"கட்டுரைத் தகராறெல்லாம் உங்க காலேஜ் பாத்துக்கும் சார். நான் மிருகவதைத் தடுப்புலேர்ந்து வந்தது, கடைசி மாசம் தண்ணியில்லாம செத்துப்போன பதினெட்டு எலிக்காக."