பெரிய கார்புரேட்டர்

அவிநாசியப்பனின் பழைய பியட் காருக்குக் கார்புரேட்டர் மாற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக் மயில்சாமி அதற்கேற்ற சிறியதொன்றைப் புதிதாக எடுத்து வைத்தார். அவிநாசியப்பனோ துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பெரியதொன்றைப் பிரித்துக் காட்டினார். போன வருடம் பந்தயத்தில் இறந்துபோன மகன் நவநீதனின் காரில் இருந்தது அது.

“ஏனுங்க, இது ரேஸ் வண்டிக்குண்டானதுங்க. டவுனுக்குள்ள ஓட்டுனா நின்னு நின்னு போகும். வேண்டாமுங்க.”

“பரவால்ல மயிலு, போட்டுக் குடு.”

மனைவி துளசிமணியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். மயில்சாமி சொன்னபடியே சிக்னலுக்குச் சிக்னல் வண்டி அணைந்தது. ஊரைத் தாண்டி, ஆளில்லாத சாலையில் மிதித்தபோது, அந்தக் கிழட்டு வண்டி மகன் ஓட்டியதைப் போலவே உறுமிக்கொண்டு பாய்ந்தது. அவிநாசியப்பனுக்குக் கண் கலங்கியது. இன்னும் அழுத்தினார்.

“மெதுவாப் போ கண்ணு” என்றாள் துளசிமணி.

நவநீதனிடம் மட்டுமே அவள் அப்படிச் சொல்வாள். அவர் காலை எடுத்துவிட்டார். வண்டி ஓரமாக உருண்டுபோய் அணைந்து நின்றது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

“சின்னதையே போட்டுக்கலாமுங்க” என்றாள் பிறகு.