கண்மாய்க்குள் அடுப்பு

கண்மாயின் மேற்குக் கரையில், இடிக்கும் எந்திரம் கொல்லைச் சுவருக்கு வெளியே வந்து நின்றபோது செண்பகவல்லி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கூடவே வந்த நில அளவை அதிகாரி வேதநாயகம் கைத்திரையைக் காட்டினார். அன்று காலை ட்ரோன் எடுத்த படத்தோடு ஊர் வரைபடத்தைப் பொருத்தியதில், அவளுடைய அடுப்படி கண்மாய்க்குள் கிடந்தது.

“கண்மாய்க்குள்ள எப்படி சார் அடுப்பு எரியும்?”

“தெருமுனையில இருக்கிற சர்வே கல்லை வச்சுத்தான்க்கா படம் பொருந்துது. நாளைக்குக் காலையில ட்ரோன் மறுபடி வரும். அப்பவும் இப்படியே இருந்தா எந்திரம் தானா இடிச்சிரும்.”

“அது எங்க கருப்பசாமில்லா? பஸ்சு திரும்ப இடமில்லன்னு போன வாரம்தான் பொங்கல் வச்சு, பத்தடி மேற்க தள்ளி வச்சோம்.”

“உங்களுக்குச் சாமி. எங்களுக்குக் கல்லு. கல்லு நகராதுக்கா,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கடப்பாரையோடு தெருமுனைக்குப் போனாள். தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மஞ்சள் துணி சுற்றிய கல்லைப் பெயர்த்து, பழைய இடத்தையும் தாண்டிக் கிழக்கே கொண்டுபோய் நட்டார்கள்.

“கோவிச்சுக்காத சாமி, ஆபீஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு,” என்று செண்பகவல்லி சூடம் காட்டினாள்.

மறுநாள் ட்ரோன் வந்துபோனதும், எந்திரம் கண்மாயைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனது. நில அளவை அலுவலகம் அங்கேதான் இருந்தது.

வேதநாயகம் மூச்சிரைக்க ஓடி வந்தார். “அக்கா, ஆபீஸ் கண்மாய்க்குள்ள போயிருச்சு! கல்லை எங்க நகத்தினீங்க?”

செண்பகவல்லி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“கல்லு நகராது சார்.”