நாரத்தைத் தோல் தேநீர்

ராயபுரத்தில் ஜானட் திறந்திருக்கும் புதுத் தேநீர்க் கடையில், சங்கமித்ரா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தோழிகள் இருவரும் சேர்ந்து நடத்துவதாகப் பேசிவைத்திருந்த கடை இது. திறந்துவிட்ட செய்தியே அவளுக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். மாலை வெயில் விழும் கண்ணாடிக் குடுவைக்குள், சுருண்டு கிடந்த நீலகிரித் தேயிலைகள் வெந்நீரில் மெல்ல விரிகின்றன. காய்ந்த நாரத்தைத் தோலின் மணம் எழுகிறது. எம்.கே.பி. நகரில் தன் வீட்டு அடுப்படியில், கசந்துபோனதையெல்லாம் கொட்டிக் கொட்டி அந்தத் தோலின் அளவைக் கண்டுபிடித்தவள் சங்கமித்ரா. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று கடக்க, கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. “இது நானே வூட்ல பண்ணிப் பாத்துக் கண்டுபுட்ச்ச கலவைங்க,” என்று எதிரே நிற்கும் பெண்ணிடம் சொல்கிறாள் ஜானட். பிறகுதான் சங்கமித்ராவைப் பார்க்கிறாள். குடுவையைப் பிடித்த கை தயங்குகிறது. உடனே சிரித்துக்கொண்டு வந்து அவளுக்கும் ஊற்றுகிறாள். “குட்ச்சிப் பாரு சங்கு. எப்டி கீது?” சங்கமித்ரா குடிக்கிறாள். இலை கசக்கவில்லை, தோல் தூக்கலாக இல்லை. அவள் என்றோ சொன்னபடியே, கொதி அடங்கிய நீரில் பக்குவமாக ஊறியிருக்கிறது. “நல்லாத்தான் கீது,” என்கிறாள். ஜானட்டின் முகத்தில் நிம்மதி பரவுகிறது. அந்த நிம்மதியைத்தான் சங்கமித்ராவால் தாங்க முடியவில்லை.