பட்டப்பகலில் இருபது பல்பு

புதுச்சத்திரத்தில் மாமியார் வீட்டுக் காலிக் கொட்டகையில், பட்டப்பகலில் இருபது குண்டு பல்புகள் எரிந்தன. சேலத்து பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் வாத்தியாரான புது மாப்பிள்ளை குமரகுருவுக்குப் பொறுக்கவில்லை. மீட்டரை எடுத்து வந்து அளந்தான்.

“இருநூத்தி முப்பது வோல்ட், எட்டே முக்கால் ஆம்பியர். வகுத்தா ரெசிஸ்டன்ஸ் இருபத்தாறு ஓம். பெருக்கினா ரெண்டாயிரம் வாட் அத்தை. பல்புக்கு நூறு. வெளிச்சம் கொஞ்சூண்டு, மிச்சமெல்லாம் சூடா வீணாப் போகுது.”

“மாப்பிள்ளை சொன்னாச் சரிங்க” என்றார் முத்தாயம்மாள்.

ராசிபுரம் போய் எல்.இ.டி. வாங்கி வந்து, தானே ஏணியேறி மாட்டினான். மறுபடி அளந்தால் இருநூறு வாட்கூட இல்லை. அந்தப் பெருமையிலேயே சாப்பிட்டுத் தூங்கிப்போனான்.

விழித்தபோது போர்வைக்குள் கீச்சுகீச்சென்று சத்தம். உடம்பெல்லாம் கோழிக்குஞ்சுகள்.

“அசையாமப் படுங்க” என்றாள் மனைவி ரஞ்சனி, இன்னொரு கூடையைக் கவிழ்த்தபடி. “குஞ்சு வண்டி வந்துருச்சு, கொட்டாய் சில்லுனு கெடக்குது. அப்பா பழைய பல்பை மாட்டிட்டு இருக்காரு. அந்த வீணாப் போற சூட்டுக்குத்தானுங்க பல்பே போட்டிருந்தோம்.”

“அத்தை அப்பவே சொல்லக் கூடாதா?”

“புது மாப்பிள்ளை பேச்சை எப்படிங்க மறுக்கறது?”

குமரகுரு அசையாமல் கணக்குப் போட்டான். சும்மா படுத்திருக்கும் மனித உடம்பின் சூடு, ஏறக்குறைய நூறு வாட்.

இன்னும் பத்தொன்பது மாப்பிள்ளைகள் தேவை.