எங்கே அந்த டாக்டர்?

பெரம்பலூர் பயணியர் விடுதியில் சுகாதார அமைச்சர் நிருபர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு நாள் சுற்றுப்பயணத்தின் கடைசி நாள் அது.

“கிராமத்து ஆஸ்பத்திரிகள்ல டாக்டரே இல்லைன்னு சொல்றாங்களே?”

“யார் சொன்னது? எல்லா ஊருக்கும் டாக்டர் போட்டாச்சு. ஜீப்பும் குடுத்தாச்சு.”

அமைச்சர் இருமினார். பின்னால் நின்ற கண்ணாடிக்காரர் உடனே மாத்திரையும் வெந்நீரும் நீட்டினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காத்தாயி முன்னால் வந்தாள்.

“எங்க ஊரு ஆஸ்பத்திரியில நாலு நாளா டாக்டரு இல்லீங்க. விடியலேருந்து எம் மவ பிரசவ வலியில துடிக்கிறா. நர்சம்மா கையை விரிச்சுட்டாங்க. டாக்டரைத் தேடித்தான் பஸ் ஏறி வந்தேன்.”

அமைச்சர் மேசையில் ஓங்கித் தட்டினார். “எங்கய்யா அந்த டாக்டர்? இப்பவே சஸ்பெண்ட் பண்றேன்!”

“அதெல்லாம் வேணாங்க. அனுப்பி வுட்டாப் போதும்.” காத்தாயி கண்ணாடிக்காரரைக் கை காட்டினாள். “உங்களுக்கு மாத்திரை குடுத்தாரே, அவருதான். எங்க ஊரு ஜீப்பும் வாசல்லதான் நிக்குது, உங்க மாலையெல்லாம் ஏத்திக்கிட்டு.”

அமைச்சர் கையிலிருந்த மாத்திரையை விழுங்கினார். வெந்நீரையும் நிதானமாகக் குடித்து முடித்தார்.

“அடுத்த கேள்வி?”