மேல்பல் செட்டின் விதி

திருச்சியில் பல் காப்பீட்டு மனுக்களுக்குக் குறியீடு போடுவது தமயந்தியின் வேலை. அப்பாவின் தாடையில் ஆணி வைத்து மாட்டிய மேல்பல் செட்டுக்கு ‘சாப்பிட மட்டும்’ என்று போட்டவளும் அவள்தான். ‘பேசவும்’ என்று போட்டால் அழகுச் செலவென்று தள்ளிவிடுவார்கள். செட்டுக்குள் காப்பீட்டு நிறுவனம் வைத்த சில்லு அந்தக் குறியீட்டை மீறவிடாது; மெல்லாமல் பேசினால் செட் தானாகக் கழன்றுவிடும்.

அப்பாவின் நண்பர் காத்தமுத்து இறந்தபோது, எழவு வீட்டில் நாலு வார்த்தை பேசச் சொல்லி அப்பாவை எழுப்பி நிறுத்தினார்கள். பிணம் எடுக்கும்வரை யாரும் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிடாத வீடு. அப்பா சட்டைப்பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்தார்.

“நான் வராம ஒரு வாய் சோறு திங்கமாட்டான்யா,” என்று மென்றுகொண்டே அழுதார்.

“எழவு வீட்டுல வந்து திங்கிறாரு பாரு,” என்றாள் ஒருத்தி.

தமயந்தியின் கைப்பேசி அதிர்ந்தது: ‘பல் செட் விதிப்படி பயன்படுத்தப்படுகிறது. நன்றி.’