ஒலிபெருக்கியில் வந்த பெயர்

"வருஷம் பூரா நாள் இருக்க, அந்த ஒலிபெருக்கிக்காரனுக்கு இன்னிக்குத்தானா உங்க பேரைப் படிக்கணும்?"

மென் கையில் கரண்டியோடு கணவர் முன்னால் வந்து நின்றாள். குவான் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

காப்பித் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த அந்த வியட்நாம் கிராமத்தைத் தினமும் எழுப்பிவிடுவது கம்பத்து ஒலிபெருக்கிதான். அன்று காலை பன்றிகளுக்கு எப்போது தடுப்பூசி என்று சொன்னது. அடுத்து, போரில் விஷ மருந்து பட்டு உதவித்தொகை பெறப்போகும் பழைய சிப்பாய்களின் பெயர்களைப் படித்தது. முதல் பெயரே குவான். காதில் விழாதவர்களுக்காக இன்னொரு தடவையும் படித்தது.

அந்த விஷம் பேரப்பிள்ளை வரைக்கும் இறங்கும் என்ற பயத்தில், அந்தத் தொகை வாங்குகிற வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் இருமிக்கொண்டும் சொறிந்துகொண்டும் வாயை மூடிக்கொண்டிருந்த சிப்பாய்கள் அங்கே நிறையப் பேர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் மனுவே எழுதுவார்கள்.

"லியூ கல்யாணம் முடியட்டும்னு பொறுத்திருக்கக் கூடாதா? மாப்பிள்ளை வீட்டிலேர்ந்து இன்னிக்கு வெத்தலைத் தட்டோட வர்றாங்க!"

"மருந்துச் செலவுக்கு ஆகுமேன்னு மனு போட்டேன் மென். அது இவ தலையிலே விடியும்னு சத்தியமா எனக்குத் தோணலை."

"உங்களுக்குத் தோணலைன்னா ஊருக்குமா தோணாது? மூளையைக் காட்டிலேயே விட்டுட்டு வந்த மனுஷன்!"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வின்னும் அவன் அம்மா ஹுவாவும் இறங்கினார்கள். அந்த அம்மாள் கையில் சிவப்புத் துணி மூடிய வெற்றிலை பாக்குத் தட்டு. உட்கார்ந்தார்கள், தேநீர் குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். தட்டு மட்டும் ஹுவாவின் மடியிலேயே இருந்தது.

"வர்ற வழியிலே ஒலிபெருக்கி கேட்டுச்சு அண்ணா," என்றாள் ஹுவா. "அந்தக் குவான் நீங்கதானா? இல்லே, ஊர்லே இன்னொரு குவான் இருக்காரா?"

"இன்னொருத்தர்..." என்று மென் அவசரமாக ஆரம்பித்தாள். குவான் அவளைக் கையமர்த்தினார்.

"நான்தாம்மா. மலைக்காட்டிலே இருந்தோம். விமானம் வந்து மூடுபனி மாதிரி எதையோ தெளிச்சுட்டுப் போச்சு. குண்டு போடலையேன்னு சந்தோஷப்பட்டோம், அவ்வளவு முட்டாளுங்க நாங்க. கொஞ்ச நாள்லே காட்டிலே ஒரு இலை இல்லை. ஓடையிலே மீன் செத்து மிதந்துச்சு. பசி. சுட்டுத் தின்னுட்டு அந்தத் தண்ணியையே குடிச்சோம்."

"குழந்தைங்க?"

"மூணு பேரை மண்ணுக்குக் கொடுத்துட்டோம்."

ஹுவாவின் முகம் வெளிறிப்போனது. அவள் கெட்டவள் இல்லை, பயந்துவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. எனக்கு இவன் ஒரே பையன். நாளைக்கு இவனுக்குப் பிறக்கிறதும் அப்படி ஆயிட்டா..."

"அம்மா!" என்றான் வின்.

ஹுவா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குவானும் எழுந்தார்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. எங்க லியூ..."

"நான் பேசறேன்ப்பா." திரைச்சீலையை விலக்கிக்கொண்டு லியூ வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அத்தை, நான் இவர் பொண்ணு. இவர் ரத்தத்திலே என்ன ஓடுதோ அதுதான் என் ரத்தத்திலேயும் ஓடுது. பயமா இருந்தா தட்டைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க, எனக்குக் கோபமில்லை. ஆனா அந்தக் காட்டிலேர்ந்து இந்த மனுஷன் உயிரோட வந்ததாலேதான் எனக்குச் சோறும் படிப்பும் வீடும். உடம்பெல்லாம் புண்ணா இருக்கிறப்பகூட மழையிலே என்னை முதுகிலே சுமந்துட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்திலே விட்டவர். இவரை விட்டுக்கொடுத்துட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்."

வின் எழுந்துபோய் லியூவின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ஹுவா நின்றபடியே அழுதாள். "எங்க அண்ணனும் அந்த மலைக்குத்தான் போனான். ஒரு எலும்புகூடத் திரும்பி வரலை. அவன் வந்திருந்தா அவனுக்கும் இப்படி ஒரு பொண்ணு இருந்திருப்பா. அவ வாசல்லேர்ந்து யாராவது தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போனா என் வயிறு எரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைக் குவானிடம் நீட்டினாள். "உங்க முன்னோர் மாடத்திலே வைங்க அண்ணா. நீங்க திரும்பி வந்ததுக்கு எங்க வீடும் நன்றி சொல்லிக்கட்டும்."

அவர்கள் போன பிறகு குவான் தட்டை முன்னோர் மாடத்தில் வைத்தார். லியூ பின்கட்டில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் மனைவியின் காதருகே குனிந்தார்.

"நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு மென். இத்தனை வருஷம் அவகிட்டே மறைச்சதை இன்னிக்கு அவங்க முன்னாலே போட்டு உடைச்சிருப்பேன். நல்லவேளை, அவ முந்திக்கிட்டா."

"அதுக்குத்தான்ப்பா முந்திக்கிட்டேன்," என்றாள் கதவருகே ஈரக் கையோடு நின்ற லியூ. "அனாதை விடுதியிலேர்ந்து நீங்க என்னைத் தூக்கிட்டு வந்ததை, பத்தாவது படிக்கிறப்பவே பெரியத்தை சொல்லிட்டாங்க."